சிவப்பு வட்டத்துக்குள் மாரிசெல்வி

சாத்தூர்
4 செப்டம்பர் 2025

திரு. மணிகண்டராஜ் அவர்கள்,
நிர்வாக ஆசிரியர், நவகண்ட் நியூஸ், நொய்டா.

தங்கள் தொலைக்காட்சியின் மீது எனக்குள்ள குறைகளைத் தேதிவாரியாக எண்ணிட்டுத் தருகிறேன்.

1. 22.8.2025, வெள்ளிக்கிழமை. தாயில்பட்டிக்கும் வெம்பக்கோட்டைக்கும் இடையில் ஒரு பட்டாசு ஆலையில் வெடிவிபத்து ஏற்பட்டது. தீ அணையும் முன்னரே மூவர் இறந்ததாகப் பெயர்களுடன் அறிவித்தீர்கள். அவர்களில் கருப்பணன் என்பவரின் மனைவி அப்போது ஏழாயிரம்பண்ணையில் இன்னொரு ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவளின் கைபேசியில் ஓடிய தங்கள் செய்தி வழியாகவே தாம் விதவையானதை அறிந்தார்.

2. அன்று மாலை. ஆலை வேன் ஓட்டுநர் பாலகுரு வாசலில் நின்று தற்செயலாக எடுத்த காணொளி ஒன்றைக் காட்டினீர்கள். ஒரு பெண் வெடிமருந்து அறையின் வாசற்படியில் வாளியிலிருந்து எதையோ வீசுகிறாள்; ஓடுகிறாள்; அறை வெடிக்கிறது. அவளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, கீழே 'வீசியது என்ன?' என்று எழுதினீர்கள்.

3. 23.8.2025. அதே காட்சியை விடியற்காலை முதல் ஓடவிட்டீர்கள். இரவு விவாதத்தில், பட்டாசு ஆலையின் வாசலைக்கூட மிதித்திராத ஒருவர் 'சதி' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். நெறியாளர் அவரைத் திருத்தவில்லை, நன்றி கூறினார்.

4. 25.8.2025. அப்பெண்ணின் பெயர் மாரிசெல்வி என்று அறிவித்து, அவளது திருமணப் படத்தையும் காட்டினீர்கள்.

5. 1.9.2025. விரைவில் தொடங்கவிருக்கும் தங்கள் தமிழ் அலைவரிசைக்கான விளம்பரத்தில் மாரிசெல்வி ஓடுகிறாள். 'முதலில் பார்த்தது நவகண்ட்' என்று ஒரு குரல் பெருமைப்படுகிறது.

மாரிசெல்வி வீசியது தண்ணீர். மருந்து அறையின் படியில் விரித்திருக்கும் சணல் சாக்கு வெயிலில் காய்ந்துவிடும். உடலின் மின்னேற்றத்தால் பொறி பறக்காதிருக்க, உள்ளே போகிறவர்கள் ஈரச் சாக்கை மிதித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதால், அதை நனைத்துக்கொண்டே இருப்பதற்கென ஒரு பெண்ணை நிறுத்துவார்கள். வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இதை யாரும் யாருக்கும் விளக்குவதில்லை. தங்களுக்கும் விளக்கத் தேவையிருக்காது. தங்கள் தாயார் பல வருடம் செய்த வேலை அது.

உள்ளே புகை கண்டு யாரோ கத்தியதும் அவள் ஓடினாள். தப்புவதற்கு ஓடியவர்கள் வாசலை நோக்கி ஓடினார்கள். அவள் பக்கத்து அறைக்குள் ஓடி, அங்கே மயங்கிக் கிடந்த ஒருத்தியை வெளியே இழுத்து வந்தாள். பாலகுரு எடுத்ததில் இருந்த அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் தாங்கள் ஒளிபரப்பினீர்கள். இழுத்து வரப்பட்டவள் அன்றிரவே இறந்தாள். மாரிசெல்வி இரண்டு கைகளும் வெந்து மதுரையில் சிகிச்சையில் இருக்கிறாள். காவல்துறை பதிந்த வழக்கில் ஆலை உரிமையாளர் முதல் எதிரி, மேற்பார்வையாளர் இரண்டாம் எதிரி, மாரிசெல்வி மூன்றாம் எதிரி. தொழிலாளியின் தவறே விபத்துக்குக் காரணம் என்று வாதிட உரிமையாளரின் வழக்கறிஞர் கையில் வைத்திருப்பது தங்கள் ஒளிபரப்பை மட்டுமே.

மறுப்பை ஒளிபரப்புங்கள். வெட்டப்படாத முழுக் காணொளியை எனக்கு அனுப்புங்கள். செப்டம்பர் 12க்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். தொலைபேசியில் அழைக்க வேண்டாம், எடுக்க மாட்டேன்.

தே. ஆல்பின்
இணைப் பேராசிரியர், பொருளாதாரத் துறை

*

நொய்டா
10.9.2025

ஏலே ஆல்பின்,

என்னலே இது, 'தங்கள்', 'தாங்கள்'? ஆபீசில் தபாலைப் பிரித்த பையன் வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்து லீகல் டிபார்ட்மெண்டுக்கே கொண்டுபோய்விட்டான். அங்கிருந்து மீட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். பல்கலைக்கழக விடுதியில் என் சட்டையைப் போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் போன பயல் நீ. மரியாதையெல்லாம் எப்ப இருந்துலே?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வருத்தமான சம்பவம்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள். நாம் தாயில்பட்டியில் பலசரக்குக் கடை மாடியில் 'வைப்பாறு விஷன்' நடத்திய மாதிரி இல்லை இது. அப்போது நீ எழுதினாய், நான் வாசித்தேன், வேலுச்சாமி கம்பத்தில் ஏறி ஒயரைக் கட்டினான். கோயில் கொடை, கரண்ட் கட், கல்யாண வாழ்த்து. ஒரு நாளைக்கு ஒரு தடவை செய்தி. சென்னைக் கம்பெனி நம்மை வாங்கியது, அதை டெல்லிக் கம்பெனி வாங்கியது. இன்றைக்கு ஒரு செய்தி, தமிழ்ச் சேனல் தொடங்கும் முன்னமே, போனில் தமிழும் சேர்த்து எட்டு மொழியில் போகிறது. வாசலில் நிற்கிறவன் போனில் எடுத்து எங்கள் நம்பருக்கு அனுப்புவான். இங்கே ஷிஃப்டில் இருக்கிற பிள்ளைகள் வெட்டி, வட்டம் போட்டு, ஏற்றிவிடுவார்கள். நான் பார்த்துத்தான் எல்லாம் போகிறது என்று நினைக்கிறாயா? நிர்வாக ஆசிரியர் என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நாங்கள் யாரையும் குற்றவாளி என்று சொல்லவில்லையே. கேள்விதானே கேட்டோம்? கேள்விக்குறி இருக்கிறது, நன்றாகப் பார்.

மறுப்பெல்லாம் போட்டால் மறுபடி ஒரு தடவை அந்தப் படத்தைக் காட்ட வேண்டி வரும். ஜனங்கள் இரண்டு வாரத்தில் மறந்துவிடுவார்கள். தீபாவளி வந்துவிட்டால் பட்டாசு விலை பற்றித்தான் பேச்சு.

ஞானஜோதியைக் கேட்டதாகச் சொல். இன்னும் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறாளா, ரிட்டையர் ஆகிவிட்டாளா? போனை எடுலே, பேசிக்கொள்வோம்.

ராசு

*

சாத்தூர்
16 செப்டம்பர் 2025

திரு. மணிகண்டராஜ் அவர்களுக்கு,

நலம் விசாரித்ததற்கு நன்றி. என் மனைவி இன்னும் வேலைக்குப் போகிறாள். வாரம் ஒருமுறை மதுரைக்குச் சென்று மாரிசெல்வியின் கைக்கட்டு எப்படி இருக்கிறது என்று பார்த்து வருபவளும் அவளே.

'நாங்கள் யாரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை' என்கிறீர்கள். ஒரு பெண்ணின் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டபின் சொல்வதற்கு மிச்சம் எதுவும் இல்லை. அந்தக் கேள்விக்குறியை இங்கே எவரும் படிக்கவில்லை. எல்லோரும் படித்தது வட்டத்தை.

'வைப்பாறு விஷன்' பற்றித் தாங்களே நினைவூட்டியதால் ஒன்றைச் சொல்கிறேன். கரண்ட் கட்டும் கல்யாண வாழ்த்தும் மட்டும் அதில் வரவில்லை. வெடிவிபத்துகளும் வந்தன. வேலுச்சாமி சைக்கிளில் போய், இறந்தவரின் வீட்டில் சொல்லிவிட்டுத் திரும்பும் வரை நாம் பெயரை வாசித்ததில்லை. அதுவரை தாங்கள் காமிராவுக்கு முன் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள். ஊர் முழுவதும் பேசாத உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அது தொழில்நுட்பக் கோளாறு என்று ஒருவரும் நினைத்ததில்லை.

மாரிசெல்வி அந்த வேலுச்சாமியின் மகள். இதைத் தாங்கள் அறியவில்லை என்று கருதியே எழுதுகிறேன்.

இப்போது நிலைமை இது. இறந்த நால்வரில் இருவர் அவர்கள் தெருக்காரர்கள். மாரிசெல்வியின் தாய் சண்முகத்தாய் பொதுக் குழாய்க்குப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகுகிறார்கள். ஒருத்தி மட்டும் விலகாமல் நின்று கேட்டாளாம்: "ஏன்க்கா, இந்தத் தண்ணியவும் எங்கனயாச்சும் கொண்டுபோய் ஊத்தப்போறீகளா?" சண்முகத்தாய் இப்போது குழாய்க்குப் போவதில்லை.

வேலுச்சாமி என்னிடம் வந்தார். உட்காரவில்லை. "சார், கம்பத்துல ஏறி வீட்டுக்கு வீடு ஒயர் இழுத்துக் குடுத்தவன் நான். இப்பம் வீட்டுக்கு வீடு எம்மவள காட்டுதாக. ராசு அண்ணனுக்கு ஒரு வார்த்தை எழுதுங்க, அவுக நிப்பாட்டிருவாக" என்றார். தாங்கள் நிறுத்திவிடுவீர்கள் என்று இன்னமும் நம்புகிற ஒரே மனிதர் அவர்.

அந்த மருந்து அறையில் சாக்கு நனைக்கப்பட்டதை அறிந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். இது சீசன். சாட்சி சொன்னால் எந்த ஆலையிலும் வேலை கிடைக்காது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. பாலகுரு மிரட்டலுக்குப் பயந்து காணொளியை அன்றே அழித்துவிட்டுத் திருப்பூர் பக்கம் போய்விட்டார். அவரோடு அவருடைய கைபேசியும் போய்விட்டதால் அதை மீட்க முடியவில்லை. எனவே முழுக் காணொளி இருக்கும் இடம் ஒன்றே ஒன்று. அது தங்கள் அலுவலகம்.

கோட்டாட்சியர் விசாரணை அக்டோபர் 30 அன்று. மறுப்பைப் பற்றிப் பிறகு பேசலாம். காணொளியை அனுப்புங்கள். பதில் செப்டம்பர் 26க்குள்.

தே. ஆல்பின்

*

நவகண்ட் நியூஸ் நெட்வொர்க்
நொய்டா
26.9.2025

மதிப்பிற்குரிய திரு. ஆல்பின் அவர்களுக்கு,

தங்கள் 4.9.2025, 16.9.2025 தேதியிட்ட கடிதங்கள் பெறப்பட்டன. நவகண்ட் நியூஸ் பொறுப்பான இதழியலில் உறுதியான நம்பிக்கை கொண்டது. மேற்படி சம்பவம் தொடர்பாக நிறுவனம் பொதுநலன் கருதிக் கேள்விகளை மட்டுமே எழுப்பியது. பார்வையாளர்களிடமிருந்து பெறப்படும் காணொளிகள் நிறுவனத்தின் சொத்தாகும். அவற்றை மூன்றாம் நபர்களுக்கு வழங்கும் நடைமுறை இல்லை. தகுதியுள்ள அதிகாரியிடமிருந்து முறையான கோரிக்கை வரும்பட்சத்தில் அது உரிய முறையில் பரிசீலிக்கப்படும்.

தங்கள் தொடர்ந்த ஆதரவை நாடும்,

மா. மணிகண்டராஜ்
நிர்வாக ஆசிரியர்

*

சாத்தூர்
1 அக்டோபர் 2025

திரு. மணிகண்டராஜ் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தில் தங்களுடையது கையெழுத்து மட்டுமே என்று அறிகிறேன்.

தகுதியுள்ள அதிகாரியிடமிருந்து கோரிக்கை வேண்டும் என்றீர்கள். கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு வேலுச்சாமியை அழைத்துச் சென்று மனு கொடுத்தேன். அவர்கள் நேற்றே மின்னஞ்சலில் தங்கள் நிறுவனத்துக்குக் கோரிக்கை அனுப்பிவிட்டார்கள். இன்று காலையிலேயே பதில் வந்துவிட்டது. தங்கள் நிறுவனத்திடமிருந்து இவ்வளவு விரைவான பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. 'கோரப்பட்ட மூலக் காணொளி இருப்பில் இல்லை. ஒளிபரப்பான பகுதி இணைக்கப்பட்டுள்ளது.'

இருப்பில் இல்லை என்பதன் பொருள் என்ன? அது எப்போது, யாரால் இல்லாமல் ஆக்கப்பட்டது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் தங்கள் சொந்த மொழியில் பதில் எழுதுங்கள். அக்டோபர் 10க்குள்.

தே. ஆல்பின்

*

9.10.2025

ஆல்பின்,

இதில் லெட்டர்ஹெட் இல்லை. கடைசியில் கையெழுத்தும் இருக்காது. தட்டச்சு செய்துதான் அனுப்புகிறேன். ஏன் என்று உனக்குப் புரியும்.

யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லைலே. ஆகஸ்ட் கடைசியில் புதுக் கட்டடத்துக்கு மாறினோம். பன்னிரண்டு மாடி. பழைய சர்வரில் கிடந்தது அம்புட்டையும் கொண்டுபோனால் செலவு என்று, ஒளிபரப்பானதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் துடைத்துவிட்டார்கள். உன் காணொளி மட்டும் இல்லை, ஆயிரக்கணக்கில் போயிற்று. வெள்ளம், கலவரம், தேர்தல், எல்லாம். வெட்டினது இருக்கிறது, எதிலிருந்து வெட்டினோமோ அது இல்லை. ஒரு தேசத்தின் செய்திச் சேனலில் இப்படியா என்று கேட்பாய். இப்படித்தான்.

வேலுச்சாமி மகள் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. கடைசியாக அவளைப் பார்த்தபோது நாலு வயது இருக்கும். நான் செய்தி வாசிக்கும்போது மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு என் கால் பெருவிரலைப் பிடித்து இழுப்பாள். நான் முகத்தை இறுக்கிக்கொண்டு வாசிப்பேன். அந்தப் பிள்ளையா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்று மாலை நான் டெஸ்கில்தான் நின்றேன். முழுக் காணொளியையும் பார்த்தேன். "ராஜ் ஜி, நீங்கள் அந்த ஊர்தானே, இவள் என்ன வீசுகிறாள்?" என்று ஒரு பொண்ணு கேட்டாள். "தண்ணீர். சாக்கை நனைக்கிறாள்" என்றேன். பக்கத்து அறைக்குள் போய் ஒருத்தியை இழுத்து வருவதையும் காட்டி, "இதைப் போடுங்கள், இதுதான் செய்தி" என்றேன். சொன்னேன்லே. எது ஒளிபரப்பில் போக வேண்டும் என்று முடிவு செய்கிற அவுட்புட் தலைவர் சின்னப் பையன். என் மகன் வயது. "தண்ணீர் என்றால் இதில் என்ன இருக்கிறது சார்? தண்ணீரா இல்லையா என்பது நமக்கு எப்படித் தெரியும்? கேள்விக்குறி போட்டுவிடலாம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் அங்கேதான் நின்றேன். அடுத்த நிமிடம் போய்விட்டது.

போன மாதம் புது முதலாளிகள் வந்துவிட்டார்கள். தமிழ் அலைவரிசைக்கு வேறு ஆள். இந்த மாதக் கடைசியோடு எனக்கு விடை கொடுக்கிறார்கள். போகும்போது ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள்: உள்ளே பார்த்தது, கேட்டது எதையும் வெளியே சொல்லக் கூடாது என்று. போட்டால்தான் செட்டில்மெண்ட். வேறு எந்தச் சேனலில் ஐம்பத்து மூன்று வயதுக்காரனை வேலைக்கு வைப்பார்கள்?

அந்த விளம்பரத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். "அதற்குத்தான் சார் வரவேற்பு அதிகம்" என்கிறான்.

வேலுச்சாமியிடம் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லாதே. எழுதினான் என்றும் சொல்லாதே.

*

சாத்தூர்
18 அக்டோபர் 2025

ராசு,

கையெழுத்தில்லாத உன் கடிதத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டினேன். பெயரை மறைத்துத்தான் காட்டினேன். அவர் ஒரு பார்வையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். யார் எழுதியது என்று தெரியாத கடிதம் எந்த விசாரணையிலும் காகிதம் மட்டுமே என்றார். நீயும் அதை அறிந்தே அப்படி அனுப்பியிருக்கிறாய். வேலுச்சாமியிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

மாரிசெல்வி வீட்டுக்கு வந்துவிட்டாள். திங்களன்று நானும் ஞானஜோதியும் பார்க்கப் போனோம். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதபடி ஒவ்வொன்றாகத் துணி சுற்றியிருக்கிறார்கள். சண்முகத்தாய் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் மாரிசெல்வி, "வாங்க சார், வாங்க டீச்சர்" என்றாள். ஞானஜோதி டீச்சர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஏதோ தடுமாற்றம். "டீச்சர் இல்லட்டீ, ஊசி போடுத ஆளு" என்று ஞானஜோதி சொன்னதும் சிரித்தாள். அதுவரை எல்லாம் நன்றாகவே இருந்தது.

எதிரே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் விளம்பரம் வந்தது. சண்முகத்தாய் எழுந்து அணைக்கப் போனார். "இருக்கட்டும்மா" என்றாள். வட்டம் வந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் திரும்பி, மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"சார், நான் தண்ணிதான ஊத்துனேன்?"

ஆமாம் என்றேன்.

"அன்னைக்கு நீங்க அங்கன இல்லியே சார். இம்புட்டுப் பேரு பார்த்துட்டுச் சொல்லுதாக. வாளி ரெண்டு கெடந்துச்சு. ஒருவேளை மாத்தி எடுத்துட்டனோ? பார்க்கப் பார்க்க எனக்கே தண்ணி மாதிரி தெரியலியே."

நாங்கள் போவதற்கு முன்னரே, வாக்குமூலம் வாங்க ஓர் அதிகாரி வந்து போயிருக்கிறார். வாளியில் என்ன இருந்தது என்று அவர் கேட்டபோது, "தெரியல" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு சொல் பதிவாகிவிட்டது. உரிமையாளரின் வழக்கறிஞருக்கு இனி உங்கள் ஒளிபரப்பும் தேவையில்லை.

வேலுச்சாமி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஏட்டீ, கிறுக்கி, உன் கையி மருந்துல வேகல, அந்தப் புள்ளயத் தூக்குனதுல வெந்துச்சு" என்று சத்தம் போட்டார். அவள் தலையாட்டினாள். நம்பித் தலையாட்டவில்லை, அப்பா கத்துகிறார் என்பதற்காக ஆட்டினாள்.

நான் முப்பது ஆண்டுகளாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். எதை எப்படி நிரூபிப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த வீட்டில் அவளிடம் காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை. சொல்வது உண்மையாக இருந்தால் போதாது என்பதும், அதைப் பார்த்தவன் ஒருவன் வேண்டும் என்பதும் எனக்கு அன்றுதான் உறைத்தது. நான் அன்று அங்கே இல்லை. அவளை நம்புகிறேன், அவ்வளவே. என் நம்பிக்கையை வைத்துக்கொண்டு அவளால் எதுவும் செய்ய முடியாது.

சாக்கை நனைத்ததைப் பார்த்தவர்கள் பேச மாட்டார்கள். இழுத்து வரப்பட்டவள் இல்லை. பாலகுரு இருக்கும் இடம் தெரியவில்லை. காணொளி இல்லை. அன்று நடந்தது முழுவதையும் தொடக்கத்திலிருந்து கடைசி வரை பார்த்து, அது தண்ணீர் என்று அன்றைக்கே வாய்விட்டும் சொன்ன ஒரே மனிதன் நீ. இப்போது மாரிசெல்விக்கே இல்லாத நிச்சயம் உன்னிடம் இருக்கிறது.

மறுப்பு வேண்டாம். விளம்பரத்தை நிறுத்த வேண்டாம். அது உன் கையில் இல்லை என்கிறாய், ஏற்றுக்கொள்கிறேன். ஒப்பந்தத்தில் நீ இந்த மாதக் கடைசியில்தான் கையெழுத்துப் போடப்போகிறாய். அதற்கு முன்பு சில நாட்கள் இருக்கின்றன. அந்த நாட்களில் நீ பார்த்ததைச் சொல்ல உன்னைத் தடுக்கும் காகிதம் எதுவும் இல்லை. செட்டில்மெண்டை அவர்கள் மறுக்கக்கூடும். அதை மறைத்து உன்னிடம் கேட்க நான் விரும்பவில்லை. தெரிந்தே கேட்கிறேன்.

கீழ்க்கண்ட வாக்கியங்களை உன் கையாலேயே எழுது. ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம்.

'22.8.2025 அன்று நடந்த விபத்தின் முழுக் காணொளியையும் நான் நவகண்ட் நியூஸ் அலுவலகத்தில் பார்த்தேன். அதில் மாரிசெல்வி வாசற்படியில் கிடந்த சாக்கைத் தண்ணீரால் நனைத்தார். பின்னர் பக்கத்து அறைக்குள் சென்று ஒரு பெண்ணை வெளியே இழுத்து வந்தார். இந்தப் பகுதி ஒளிபரப்பப்படவில்லை.'

அடியில் உன் முழுப் பெயர், தகப்பனார் பெயர், முகவரி, தேதி, கையெழுத்து. இரண்டு பிரதிகள் வேண்டும். ஒன்று கோட்டாட்சியருக்கு. மற்றொன்றை மாரிசெல்விக்குப் படித்துக் காட்ட வேண்டும். தானாகப் பிரித்துப் பிடித்துப் படிக்க அவளுக்கு இப்போது கை இல்லை.

நீ அனுப்பாவிட்டால் என்ன செய்வேன் என்று மிரட்ட முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். செய்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை. விசாரணை நடக்கும், அவள் 'தெரியல' என்பாள், கோப்பு மூடப்படும்.

அக்டோபர் 27, திங்கட்கிழமை, மாலை ஐந்து மணிக்குள் உன் எழுத்து மூலமான பதில் சாத்தூரில் என் கைக்கு வந்து சேர வேண்டும். கையெழுத்துடன்.

ஆல்பின்